கோழிக்கோட்டின் கதை 1498-இல் தொடங்கவில்லை

கோழிக்கோடு என்றதும் பள்ளியில் படித்த எவருக்கும் 1498-இல் அங்கு வந்திறங்கிய வாஸ்கோடகாமாதான் நினைவுக்கு வருகிறார். அந்த நகரம் உலகுக்குத் தெரிந்ததே அவரால்தான் என்ற எண்ணமும் கூடவே படிந்துவிடுகிறது. இது மாற வேண்டும்.

காமாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அங்கு வந்த பயணி இபின் பதூதா, துறையில் 13 சீனக் கப்பல்கள் நின்றதைக் குறித்திருக்கிறார். இத்தனைக்கும் கோழிக்கோட்டில் கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகம் இருக்கவில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு, படகுகளில்தான் சரக்கைக் கரைசேர்க்க வேண்டியிருந்தது. மிளகோ மலபார் எங்கும் கிடைத்தது. பிறகு ஏன் வணிகர்கள் இங்கே வந்து குவிந்தார்கள்?

ஹெராத்திலிருந்து 1442-இல் தூதராக வந்த அப்துர் ரசாக்கின் குறிப்பில் விடை இருக்கிறது. வணிகர்கள் சரக்கைத் தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்களாம். சுங்க அதிகாரிகள் இரவும் பகலும் காவல் காப்பார்களாம். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி. விற்காவிட்டால் ஒரு காசும் வேண்டாம். காற்றில் திசைமாறி ஒதுங்கும் கப்பலைக் கடவுள் அனுப்பியதென்று கொள்ளையிடுவது மற்ற துறைகளில் வழக்கம். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் துறையில் அதற்கு இடமில்லை. நகரத்தின் உண்மையான முதல் இந்த நாணயம்தான்.

காமாவும் அவர் நாட்டவரான போர்த்துக்கீசியரும் கேட்டதோ வேறு. முஸ்லிம் வணிகர்களைத் துரத்த வேண்டும் என்றார்கள். இந்து அரசரான சாமூதிரி மறுத்தார். 1502-இல் நகரத்தின்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. 1510-இல் குற்றிச்சிறை மிஷ்கால் பள்ளிவாசல் எரிக்கப்பட்டது. ஆனாலும் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் துணையிருக்க, சாமூதிரிகள் பணியவில்லை. 1571-இல் சாலியம் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள்.

பிறகு நடந்ததை மன்னிக்க முடியாது. நான்காம் குஞ்ஞாலி தானே ஓர் அரசர்போல் நடக்கத் தொடங்கியது சாமூதிரிக்குப் பொறுக்கவில்லை. அதற்காகப் பரம எதிரியான போர்த்துக்கீசியரோடு சேர்ந்து அவருடைய கோட்டையை முற்றுகையிட்டார். 1600-இல், உயிருக்குத் தீங்கில்லை என்று சாமூதிரி தந்த வாக்கை நம்பி குஞ்ஞாலி சரணடைந்தார். போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். முன்பின் அறியாத வணிகரின் மூட்டைக்குக் காவல் நின்ற அரசு, நான்கு தலைமுறையாகத் தனக்காகப் போரிட்ட குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கைக் காக்கவில்லை.

பாடநூல் எழுதுவோர் 1498-க்குத் தரும் இடத்தை 1442-க்கும் 1600-க்கும் தரவேண்டும். கோழிக்கோடு எப்படி உயர்ந்தது, எங்கே சறுக்கியது என்பதை இந்த இரண்டு ஆண்டுகளும் காட்டும் அளவுக்குக் காமாவின் வருகை காட்டாது.