'குடும்பநலம்' என்னும் தொகையும் பெண்ணுடலும்

ஐதராபாத்தை அடுத்துள்ள இரங்காரெட்டி மாவட்டத்து இப்ராகிம்பட்டணம் அரசு சமுதாய நலமையத்தில், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் 34 பெண்களுக்கு உள்நோக்கிக் கருவி வழியாகக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களுக்குள் அவர்களுள் நால்வர் இறந்தனர். எஞ்சியோர் ஐதராபாத்து நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். நோய்த்தொற்றே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இறந்தோர் குடும்பங்களுக்கு ஐந்து இலட்சம் ரூபாயும் வீடும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. பொறுப்பிலிருந்த மருத்துவர்மேல் நடவடிக்கையும் எடுத்தது. அத்துடன் செய்தி ஓய்ந்தது.

இவ்வகை அறுவையைத் தெலுங்கு நாளிதழ்கள் 'கு.நி.' என்று குறிப்பது வழக்கம். 'குடும்ப நியந்திரண' என்பதன் சுருக்கம் அது. தமிழ் நாளிதழ்கள் 'கு.க.' என்று எழுதின. பின்னர் 'குடும்பநல அறுவை சிகிச்சை' என நாகரிகமாக எழுதின. அறுக்கப்பட்டது பெண்ணின் உடல். பெயர் பெற்றது குடும்பம். இச்சொல்லாட்சி தற்செயலானதன்று என்பதும், அதனைக் கலைச்சொல் பட்டியல்களிலும் பாடநூல்களிலும் வினாவின்றி ஏற்றுக்கொண்ட நமக்கும் அதில் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தொகை மறைக்கும் பொருள்

தொகைச்சொல் விரியுமிடத்துப் பொருள் மயங்கும் என்பதும், அம்மயக்கம் ஏழு வரை செல்லும் என்பதும் நன்னூலார் கொள்கை. 'குடும்பக் கட்டுப்பாடு' என்பதை விரித்துப் பார்ப்போம். குடும்பத்தைக் கட்டுப்படுத்துதலா, குடும்பத்தால் கட்டுப்படுத்தப்படுதலா, குடும்பத்திற்காகக் கட்டுப்படுதலா? எவ்வாறு விரிப்பினும் பெண் என்னும் சொல் வருவதில்லை. செய்பவர் யார், யார் உடலில் செய்யப்படுகிறது, யார் இசைவு தந்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் இத்தொகையில் விடையில்லை.

'குடும்பநலம்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1977ஆம் ஆண்டு நடுவண் அரசின் துறைப்பெயரே 'குடும்பநலம்' என மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஈராண்டில் நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை நாட்டை உலுக்கியிருந்தது. 1976-77இல் மட்டும் எண்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்யப்பட்டது; அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். ஆண்கள் சினந்தனர்; ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் துறையின் பெயர் மென்மையாயிற்று. அறுவைக் கத்தியோ பெண்பால் திரும்பிற்று. ஆணுக்குரிய அறுவை வயிற்றைத் திறவாதது, எளியது, இடர் குறைந்தது என்பதை மருத்துவர் எவரும் மறுப்பதில்லை. எனினும் 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான இணையருள் பெண் அறுவையை மேற்கொண்டோர் நூற்றுக்கு 37.9, ஆண் அறுவையை மேற்கொண்டோர் நூற்றுக்கு 0.3. தெலுங்கானாவில் பெண் அறுவையின் அளவு ஏறத்தாழப் பத்துக்கு ஆறு. தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல். இந்த ஏற்றத்தாழ்வை 'குடும்பம்' என்னும் பொதுச்சொல் மூடி வைத்திருக்கிறது.

பெரியார் வைத்த வேறுபாடு

தமிழுக்கு வேறொரு சொல்மரபும் உண்டு. 1928இல் சென்னையில் புதிய மால்தூசியச் சங்கம் தோன்றிய காலத்தில், மக்கட்பெருக்கமும் நாட்டின் வறுமையும் காட்டிக் கருத்தடைக்கு வாதாடியோர் கற்றோரிடையே பலர் இருந்தனர். அக்காலத்தே 'குடி அரசு' இதழில் எழுதிய பெரியார், 'கர்ப்பத்தடை' என்னும் சொல்லையே ஆண்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அத்தலைப்பிலேயே ஒரு பகுதி அமைந்துள்ளது. பிறர் உடல்நலத்திற்காகவும் நாட்டின் பொருள்நிலைக்காகவும் குடும்பச் சொத்திற்காகவும் அதனை வேண்டுகின்றனர். தாம் வேண்டுவது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

இவ்வேறுபாட்டின் பொருள் ஆழமானது. விடுதலைக்காக எனின், வேண்டும் என்று சொல்லும் உரிமையும் வேண்டா என்று மறுக்கும் உரிமையும் பெண்ணுக்கே உரியன. குடும்ப நலத்திற்காக எனின், முடிவெடுப்போர் மாமியாரும் கணவரும் இலக்கு நிறைவேற்றும் அலுவலரும் ஆவர். அரசு 1952இல் திட்டத்தைத் தொடங்கியபோது, கருத்தடையை எடுத்துக்கொண்டு பெரியாரின் காரணத்தை விட்டுவிட்டது. பெரியாரைப் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தும் தமிழ்த்துறைகளும் இதனைக் கண்டுகொள்ளவில்லை.

ஐதராபாத்துப் பெண்களின் வினா

இவ்வினாவை ஐதராபாத்துப் பெண்கள் முன்னரே எழுப்பினர். 1985இல், நகரை அடுத்த பட்டான்செருவில் நெட்-என் என்னும் கருத்தடை ஊசியைப் பெண்களிடம் சோதிக்கும் முயற்சி நடந்தபோது, 'ஸ்த்ரீ சக்தி சங்கடன' அமைப்பினர் அதனை எதிர்த்தனர். இது சோதனை என்பதும் இதன் தீங்குகள் இன்னவை என்பதும் அப்பெண்களுக்குச் சொல்லப்பட்டனவா என்பதே அவர்கள் கேட்ட வினா. 1986இல் பிற அமைப்பினரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றனர். பின்னர், அவ்வூர்ப் பெண்ணியக் குழுவினர் 'சவாலட்ச சந்தேஹாலு' என்னும் பெண்கள் நலநூலைத் தெலுங்கில் வெளியிட்டனர். ஒன்றேகால் இலட்சம் ஐயங்கள் என்பது அத்தலைப்பின் பொருள். திட்டத்தின் பெயரை விட்டுப் பெண்களின் ஐயத்தைத் தலைப்பாக்கிய அச்செயலில் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

மறுப்புகளும் விடையும்

'நால்வரும் இறந்தது தொற்றினால். சொல்லை மாற்றினால் தொற்று நீங்குமா?' என ஒருவர் வினவலாம். நீங்காது. ஆனால் தொற்று வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒரு மருத்துவக் குழு ஒரு நாளில் முப்பது அறுவைக்கு மேல் செய்யலாகாது என்பது அரசே வகுத்த வரம்பு. 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுப்பூர் மாவட்டத்து முகாமில் 83 பெண்களுக்கு ஒரே நாளில் அறுவை செய்யப்பட்டுப் பதின்மூவர் இறந்தனர். தேவிகா பிசுவாசு வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு பணித்தது. அக்காலவரை கடந்த பின்னரே இப்ராகிம்பட்டணத்தில் ஒரே நாளில் 34 பெண்கள் படுக்க வைக்கப்பட்டனர். பெண்ணை எண்ணாகக் கருதும் மனநிலையே விரைவைத் தூண்டுகிறது; விரைவு கருவித்தூய்மையைக் குலைக்கிறது. அந்த மனநிலைக்கு மறைப்பாக நிற்பது 'குடும்பநலம்' என்னும் சொல்.

'பெண்களே விரும்பித்தானே வருகின்றனர்?' என்பது இரண்டாம் மறுப்பு. உண்மை, பலர் விரும்பியே வருகின்றனர். மீண்டும் மீண்டும் கருவுறும் துன்பத்திலிருந்து மீள அவர்கள் தேடிய வழியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பல வழிகளுள் ஒன்றைத் தேர்தல் வேறு. ஒரே வழியில் நடத்தப்படுதல் வேறு. ஆணுக்குரிய வழியை வீட்டில் எவரும் பேசாத நிலையில், பெண்ணின் விருப்பம் என்பது அவளுக்கு விடப்பட்ட மிச்சமே.

முடிவாக

தமிழாய்வாளர் மூன்று செயல்களை உடனே மேற்கொள்ளலாம். ஒன்று, கலைச்சொல் பட்டியல்களிலும் அகராதிகளிலும் 'குடும்பநல அறுவை' என்பதை நீக்கி, 'பெண் கருத்தடை அறுவை' எனவும் 'ஆண் கருத்தடை அறுவை' எனவும் தனித்தனியே பதிதல். இரண்டு, அறுவைக்கு முன் கையொப்பமிடும் இசைவுப் படிவத்தின் தமிழை, எழுத்தறிவு குறைந்த பெண்ணும் படிக்கக் கேட்டு விளங்கிக்கொள்ளும் வண்ணம் திருத்தித் தருதல். மூன்று, தாய்மையைப் புகழும் பாடல்களை மாணவருக்குக் கற்பிக்கும்போது, தாயாகாதிருக்கும் உரிமையைத் தமிழில் பேசிய எழுத்துகளையும் உடன்வைத்துக் கற்பித்தல்.

தாய்மொழி என்று தமிழைப் போற்றுகிறோம். தாயின் உடலுக்கு நேர்வதை நேரே சொல்ல அம்மொழியில் சொல் இல்லாமலில்லை. இருந்த சொல்லை விட்டு, மூடும் சொல்லை எடுத்தவர்கள் நாமே. இப்ராகிம்பட்டணத்தில் இறந்த நால்வரும் தாய்மார்கள்; அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து, தம் தாய் எதனால் இறந்தாள் என்று கேட்பார்கள். 'குடும்பநலத்தால்' என்று அவர்களுக்கு விடை சொல்ல நம்மால் இயலுமா?