நல்லெண்ணமும் நல்லெண்ணெயும்

"நல்லெண்ணத்துல தாங்க சொன்னேன்."

மக்களே, இந்த வரியைக் கேட்டாலே எனக்குக் காதுல புகை வருது.

இன்சுலின் போட்டுக்கிட்டிருந்த என் பெரியம்மாவை, "அதெல்லாம் விஷம், கஷாயம் குடிங்க போதும்"னு சொல்லி பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்த வெச்சார். நாலாவது நாள் பெரியம்மா ஐ.சி.யு.வுல. கேட்டா, அவர் சொன்னதுதான் மேல இருக்கற வரி. அதைவிடக் கொடுமை, சொந்தக்காரங்க எல்லாம் "பாவம், அவர் மனசுல கெட்டது இல்ல"ன்னு அவருக்கே ஆறுதல் சொன்னது!

மனசுல கெட்டது இல்லேன்னா அது நல்லெண்ணம் ஆயிடுமா? ஆகாதுன்னு 1860-லயே இந்திய தண்டனைச் சட்டம் சொல்லிடுச்சு. 52-ஆம் பிரிவு: உரிய கவனமும் அக்கறையும் இல்லாம செஞ்ச எதுவும் நல்லெண்ணத்தோட செஞ்சது ஆகாது. 2024 ஜூலை 1-ல பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்பவும் இந்த விளக்கத்தை மாத்தல.

அதே தண்டனைச் சட்டத்துல ஒரு உதாரணம் உண்டு. தீப்பிடிச்ச வீட்டு மாடியில ஒருத்தரும் ஒரு குழந்தையும். கீழ ஜனங்க போர்வையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. காப்பாத்தணும்னு அவர் குழந்தையைக் கீழ போடறார். குழந்தை செத்தே போனாலும் அவர் மேல குத்தமில்லை. என்னைக் கேட்டா இந்தக் கதைக்கு ஹீரோவே அந்தப் போர்வைதான். நம்மாளுங்க போர்வை இருக்கான்னு எட்டிக்கூட பார்க்காம தூக்கிப் போட்டுட்டு நல்லெண்ணம்ங்கறாங்க.

வக்கீல் நண்பர்கள் வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். 1897-ஆம் வருஷத்துப் பொது வாசகங்கள் சட்டத்துல, நேர்மையா செஞ்சா போதும், அசட்டையா இருந்தாலும் அது நல்லெண்ணம்தான்னு இருக்கு. ஆனா குத்தமா இல்லையான்னு பார்க்கற தண்டனைச் சட்டம் அந்தச் சலுகையைத் தரல.

பொட்டி தட்டற எங்க பொழப்பையே எடுத்துக்குங்க. டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைவ்ல ஏத்திட்டு, "நல்லதுக்குத்தான் செஞ்சேன்"னா மேனேஜர் விடுவாரா? சர்வருக்கு இருக்கற மரியாதை மனுஷ உசுருக்கு இல்லையா?

அப்போ யாரும் யாருக்கும் யோசனையே சொல்லக் கூடாதான்னு கேப்பீங்க. தாராளமா சொல்லுங்க. "எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க"ன்னு சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வார்த்தைதான் போர்வை.

கவனம் இல்லாத நல்லெண்ணத்துக்கு நல்லெண்ணெய் எவ்வளவோ மேல். இட்லிப் பொடிக்காவது ஆகும்.

டிஸ்கி: கஷாயத்து மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இருமல் வந்தா நானும் குடிக்கறவன்தான் :-)