மாநிலம் தாண்டியும் மலாக்காதான்

மலாக்காவுக்குச் சொந்தமான ஒரு கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் மலாக்காவை விட்டு வெளியேற வேண்டும். நம்ப முடியவில்லையா? மஸ்ஜித் தானா, லுபோக் சீனா வழியாகப் பழைய சாலையில் போங்கள். லிங்கி வந்ததும் நெகிரி செம்பிலான் தொடங்கிவிடும். பாசிர் பாஞ்சாங் தாண்டி போர்ட்டிக்சனை நெருங்கும்போது, இடப்பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காட்டு முனை. அதுதான் தஞ்சோங் துவான். சுற்றிலும் அடுத்த மாநிலம் இருக்க, இந்தத் துண்டு மட்டும் இன்றைக்கும் மலாக்கா.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் அங்கே கிளம்பினோம். சத்தமே இல்லாத ஒரு கடற்கரை வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கு அது ரொம்பவே தேவைப்பட்டது. முதல் நாள் இரவு ஒருவன், "அம்மாவையும் கூட்டிட்டு வரேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டான். கொஞ்ச நேரம் யாரும் பதில் போடவில்லை. அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருப்பது எங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தனியாக இருக்கும் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தான்.

ஆக, ஒரு மைவி காரில் ஐந்து பேர். அம்மாவுக்கு முன் இருக்கை. மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த செம்பனையைக் காட்டி, "இதெல்லாம் அப்போ ரப்பருப்பா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்து லாரியில் சாக்கு விரித்து, தூக்குச்சட்டியில் புளிச்சோறோடு தெலுக் கெமாங் கடலுக்கு வருவார்களாம். பக்கத்திலேயே இருக்கும் இந்த முனைக்கு மட்டும் வந்ததே இல்லை. "அங்கே என்ன இருக்கு, வெறும் காடுதானேன்னு விட்டுட்டோம்" என்றார்.

அந்த வெறும் காடுதான் இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இது காப்புக்காடு. காரை வாசலில் நிறுத்திவிட்டு ஏற்றத்தில் நடக்க வேண்டும். மேலே 1863இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதற்கு முந்நூறு வருஷத்துக்கும் முன்பே போர்த்துக்கீசியர் இங்கே விளக்கேற்றியிருக்கிறார்கள். 1606இல் மலாக்காவுக்காக அவர்களும் டச்சுக்காரர்களும் மோதியது இதே கடலில்தான். மூழ்கிய டச்சுக் கப்பல் நசாவின் எச்சங்களை 1995இல் அகழ்ந்தெடுத்தார்கள்.

நாங்கள் தேடி வந்த கடற்கரை அதற்கும் கீழே. செங்குத்தான பாதை, வேர்களைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இருவர் இறங்கினார்கள். அவன் அம்மாவோடு மேலே உட்கார்ந்தான். நானும் இறங்கவில்லை. என் முழங்காலும் அப்படியொன்றும் இளமையாக இல்லை.

பதினொரு மணி வாக்கில் பருந்துகள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, அப்புறம் கூட்டமாக. தேன்பருந்துகள். குளிர்காலத்தை இந்தோனேசியாவில் கழித்துவிட்டு வடக்கே சீனா, ஜப்பான், சைபீரியா பக்கம் திரும்புகின்றன. தரையில் வெயில் ஏறினால் எழும் வெப்பக்காற்றில் சிறகை விரித்து மிதந்தே போகிற பறவைகள் இவை. கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது, இறக்கையை அடித்துத்தான் கடக்க வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர் அப்படி வந்து, களைத்துப்போய்த் தாழப் பறந்து இந்த முனையைத் தொடுகின்றன. சில நம் கண் மட்டத்திலேயே கடந்து போகும்.

"சாப்பிடாமலா வருது?" என்று கேட்டார் அம்மா. "வழியில பெரும்பாலும் சாப்பிடாதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அவன் சொன்னான். அம்மா திரும்பக்கூட இல்லை. "பாஸ்போர்ட் எடுத்தப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்." அடுத்த கேள்விதான் அவனைத் திணறடித்தது: "ஜொகூர் பாலத்துல எத்தனை மணி நேரம் நிக்கணும்?" மாதம் இரண்டு முறை வருவேன் என்றான். ஒரு முறை போதும், ஆனால் சொன்ன தேதியில் வரணும் என்றார். என்னோடு வந்துவிடுங்கள் என்றதற்கு மட்டும் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வேலை கிடக்கிறதாம்.

நீங்களும் போவதானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பருந்துகளைப் பார்க்கலாம். மார்ச்சில் மலேசிய இயற்கைக் கழகம் இதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தும். அன்று அமைதியை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பறவைகளைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இருப்பார்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், நெகிழிப் பையைக் கையில் பிடித்து ஆட்டவும் வேண்டாம். கீழே இறங்குகிறவர்கள் கடல் ஏற்றம், வற்றம் பார்த்துக்கொள்ளுங்கள். நீந்தத் தெரிந்தவர்களும்தான்.

திரும்பும் வழியில் சிண்டோல் குடித்தோம். அவன் பணப்பையை எடுப்பதற்குள் அம்மா காசைக் கொடுத்துவிட்டார். "இன்னிக்கு நான். அடுத்த வாட்டி சிங்கப்பூர் வெள்ளி" என்றார்.