புழு தின்ற கொழுந்துக்கு நாம் கணக்குக் கொடுப்பதா?



நிறை குறைந்தால் அரைப்பேர். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு இலைகளை நூலால் ஒட்டி, உள்ளே பதுங்கித் தின்னும் இலைச்சுருட்டிப் புழுவின் பேர் எந்தச் செக்றோலிலும் இல்லை. அது தின்றதற்கும் நம் சம்பளத்தில்தான் வெட்டு.

இந்தப் புழு, ஒரு சிறிய அந்துப்பூச்சியின் பிள்ளை. அந்துப்பூச்சி முற்றிய இலையில் முட்டைகளை அடுக்கி வைக்கும். பொரித்த புழுக்கள் நூலில் தொங்கி, காற்றோடு அடுத்த செடிக்குப் போகும். தினமும் அந்த இலைகளைத் தொடுகிற நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பழைய கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1935-36ல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. மலையில் நம்மைக் கொட்டும் குளவி அல்ல இது, கொசுபோலச் சிறியது. புழுவின் உடலுக்குள் முட்டையிடும். அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். இலைச்சுருட்டி அடங்கியது.

பின்னர் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற நஞ்சை அடித்தார்கள். நஞ்சுக்கு நண்பன், பகைவன் தெரியுமா? குளவி செத்தது. இலைச்சுருட்டி மீண்டும் பெருகியது. நஞ்சைத் தெளிக்க முடிவெடுத்தவர் தொழிலாளி அல்ல. தெளித்தவரும், அந்த மலையில் கொழுந்து பறித்தவரும் தொழிலாளி!

இன்றும் "மருந்தடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். மருந்து என்று பெயர் வைத்தால் நஞ்சு இனிக்குமா? முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கலாம். அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு முழுப்பேர் வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் நிர்வாகம் தயங்குகிறது. நம் நுரையீரலுக்கு மட்டும் விலை இல்லையோ?

ஆகவே நாம் கேட்பது இவை:

புழு விழுந்த மலையில் நிறை அளவைக் குறைக்க வேண்டும், அரைப்பேர் போடக்கூடாது.

புழு பொறுக்கும் நாளுக்கு முழுப்பேர் வேண்டும்.

தெளிப்பவருக்கு முகமூடி, கையுறை, சப்பாத்துத் தர வேண்டும்.

அடித்த நஞ்சின் பெயரையும், எத்தனை நாள் கழித்து அந்த மலைக்குள் இறங்கலாம் என்பதையும் தமிழில் எழுதி மடுவத்தில் ஒட்ட வேண்டும்.

அடுத்த தலைவர் கூட்டத்துக்கு வரும்போது புழு தின்ற இலைகளைக் கொண்டு வாருங்கள். எந்த மலை, எந்த நாள், எத்தனை பேருக்கு அரைப்பேர் என்று குறித்து வாருங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிக்கலாம். நாளும் பேரும் எழுதிய கணக்கைத் தட்டிக் கழிப்பது சுலபமல்ல.