கோடீஸ்வரர் ஒருவர் போதுமா?

வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் பரிசளிப்பு விழா என்றால் சிறப்புரையில் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும்: நம்மில் ஒருவர் பில் கேட்ஸ் ஆனால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். அண்மைக் காலமாக பில் கேட்ஸ் இருந்த இடத்தில் இணையப் பாதுகாப்புத் தொழிலதிபர் உட்கார்ந்திருக்கிறார். கணினியும் விடாமுயற்சியும் இருந்தால் நிறுவனம் தொடங்கலாம், நல்ல விலைக்கு விற்கலாம், அந்தப் பணத்தை இளம் நிறுவனங்களில் போடலாம், கடைசியில் அறக்கட்டளை வைத்து ஊருக்கும் கொடுக்கலாம். கோல சிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர் வரை கைதட்டல் வாங்கும் கணக்கு இது. ஆனால் கணக்கு இடிக்கிறது.

இந்த வழியில் அப்படியே நடந்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்கரான ரான் குலா. இணையப் பாதுகாப்பில் இரண்டு நிறுவனங்களைத் தொடங்கினார். பிறகு மனைவி சிண்டியோடு சேர்ந்து முதலீட்டு நிறுவனமும் அறக்கட்டளையும் நடத்துகிறார். சொந்தக் காலில் நின்று உயர்ந்தவர் என்று மேடையில் காட்டத் தோதான ஆள்.

அவர் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தொழிலை எங்கே கற்றார்? அமெரிக்க விமானப்படையிலும், என்.எஸ்.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமையிலும். கணினி வலையமைப்புக்குள் எதிரி எப்படி நுழைவான் என்பதைத் தானே நுழைந்து பார்த்துச் சொல்லும் வேலை. சம்பளம் கொடுத்தது அரசு. அந்த அனுபவத்தோடு வெளியே வந்துதான் ஊடுருவலைக் கண்டறியும் டிராகன் என்ற மென்பொருளை உருவாக்கினார். அதற்காகத் தொடங்கிய முதல் நிறுவனத்தை 2000இல் என்டராசிஸ் என்ற நிறுவனம் வாங்கியது. 2002இல் கூட்டாளிகளோடு டெனபிள் என்ற இரண்டாவது நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு அடித்தளம் நெசஸ் என்ற சோதனைக் கருவி. 1998இல் ரெனோ தெரேசோன் என்ற பிரெஞ்சு இளைஞர், இருபது வயதுகூட ஆகாத நிலையில், எழுதி உலகத்துக்கு இலவசமாக விட்டது அது. தெரேசோனே பிறகு டெனபிளில் கூட்டாளியானார். 2005இல் மூன்றாம் பதிப்போடு நெசஸின் மூலநிரல் மூடப்பட்டது. 2018 ஜூலையில் டெனபிள் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது.

அரசு கொடுத்த பயிற்சி ஒருபுறம், எல்லாருக்கும் பொதுவாக இருந்த மென்பொருள் இன்னொருபுறம். இரண்டையும் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் விடாமுயற்சியை மட்டும் புக்கிட் ரோத்தான் தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்வது நியாயமில்லை.

அடுத்த வாதம், பெரிய முதலீட்டாளர் ஒருவர் வந்தால் வட்டாரமே எழும் என்பது. இந்த வட்டாரத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பெரிய முதலீட்டாளர் இங்கே எப்போதோ வந்துவிட்டார். பிரான்ஸிலிருந்து வந்த ஆன்ரி ஃபோக்கோனியே முதலில் கோல சிலாங்கூரில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை நட்டார். மலேசியாவின் செம்பனைச் செல்வம் அத்தனைக்கும் ஊற்றுக்கண் அந்த மண்தான். பின்னர் அவர் எழுத்தாளராகி, மலாயாவைப் பற்றிய நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் பெற்றார். பணம் சேர்த்துவிட்டு அடுத்த அவதாரம் எடுப்பது ஒன்றும் இணைய யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. முதலீட்டாளருக்கு இரண்டாம் வாழ்க்கை கிடைத்தது. பழக்குலை வெட்டிய குடும்பங்கள் அடுத்த தலைமுறையிலும் லயத்து வீட்டிலேயே இருந்தன.

அந்த லயத்து வீடும் கடைசிவரை சொந்தமில்லை. புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் போராடினார்கள். மத்திய அரசும் மாநில அரசும் நிதி ஒதுக்கிய பிறகே அந்த விவகாரம் நகர்ந்தது. தெற்கே, புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குப் போனார்கள்; சில ஆண்டுகளில் அந்தச் சுவர்களில் விரிசல். பக்கத்திலேயே சைபர்ஜெயா எழுந்தது. தொழில்நுட்பம் தோட்டத்து நிலம்வரை வந்தது, தோட்டத்து ஆளுக்குக் கதவு திறக்கவில்லை.

மூன்றாவது வாதம்தான் ஆபத்தானது: முதலில் சம்பாதி, கொடுப்பதெல்லாம் பிறகு. தோட்டத்துத் தமிழர் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது ஆளுக்கொரு வெள்ளியாகக் கொடுத்தவர்களில் பால் மரம் வெட்டியவர்களும் உண்டு. விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, தரகர்கள் வாங்கித் துண்டு போட, வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலை வந்தது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை 10 வெள்ளித் தவணையாகக் கட்டி, கூலிக்காரர்கள் கெடாவில் புக்கிட் சிடிம் தொடங்கித் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கோடீஸ்வரரும் இல்லை.

குலாவின் அறக்கட்டளையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் சுற்று, கறுப்பின அமெரிக்கர்களை இணையப் பாதுகாப்புத் துறைக்குள் கொண்டுவரும் அமைப்புகளுக்கான 10 லட்சம் டாலர். பணம் போய்ச் சேர்ந்த இடங்கள் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த அமைப்புகள். கொடையாளி வந்தாலும் வாங்கிச் செய்ய ஆள் வேண்டும். வட சிலாங்கூரில் அதற்கு ஓர் உதாரணம் களும்பாங்கில் இருக்கும் மைஸ்கில்ஸ் அறவாரியம். வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம் 2011இல் தொடங்கியது. பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மின்கம்பி இழுப்பு, குளிர்சாதனம் பழுதுபார்ப்பு போன்ற கைத்தொழில்களைக் கற்றுத் தருகிறது. பார்க்கக் கவர்ச்சி குறைவுதான், மேடையில் படம் போட்டுக் காட்ட உதவாது.

தோட்டத்துக்கும் இணையப் பாதுகாப்புத் துறைக்கும் வெகுதூரம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. தென்னமரம் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவிலேயே யுனிசெல் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கணினிப் படிப்பும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 26இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவல் சோதனை செய்வோரும் கண்காணிப்பு மையம் நடத்துவோரும் உரிமம் பெற வேண்டும் என்கிறது. அந்த மையங்கள் 24 மணி நேரமும் ஷிப்டில் ஓடுபவை. திரையில் வந்து விழும் எச்சரிக்கைகளில் எது உண்மைத் தாக்குதல், எது வெற்று ஓசை என்று பிரித்து மேலே அனுப்பும் ஆளுக்குத்தான் முதல் நாற்காலி. ஷிப்டு வேலை தோட்டத்து வீட்டுக்குப் புதிதல்ல.

அந்த நாற்காலிக்கு வேண்டியது பட்டயம், ஓரளவு நல்ல மடிக்கணினி, டாலரில் கட்டணம் கேட்கும் ஒரு சான்றிதழ்த் தேர்வு. பல வீடுகளில் பிள்ளை நின்றுபோவது இந்தக் கடைசிக் கட்டணத்தில். இதற்கு நாஸ்டாக்கிலிருந்து யாரும் இறங்கி வர வேண்டியதில்லை. தோட்டத்துக் கோயில் நிர்வாகம் ஆண்டுத் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் பாதியை ஒதுக்கினால் சில பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதிவிடலாம். வாணத்தைக் குறைக்க முடியாது என்றால், சிறப்பு விருந்தினருக்குப் போடும் பொன்னாடையிலிருந்தாவது தொடங்கலாம்.