18 கிலோவை அளந்தவர் யார்?

மாலை வேளையில் ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஏதேனுமொரு தோட்டத்துத் தராசடியில் சற்று நின்று பார்ப்பவர்கள் இரண்டு சொற்களைக் கேட்பர். ஒன்று பேர், மற்றது அரைப்பேர். காலை ஏழரை மணிக்கு மலையேறியவள், மழையிலும் அட்டைக்கடியிலும் மாலை நாலரை மணிவரை நின்றவள், 18 கிலோவுக்கு 17 கிலோ காட்டினால், பல தோட்டங்களில் அவளுக்கு அன்று அரைப்பேர்தான். உழைத்தது முழுநாள், செக்ரோலில் ஏறுவது அரைநாள். 17 கிலோக் கொழுந்தும் ஆலைக்கு முழுமையாகவே போய்ச் சேர்கின்றது என்பதையும் வாசகர்கள் கவனிப்பார்களாக!

இந்த 18 கிலோவை அளந்தவர் யார்? எந்த மலையில், எந்த மாதத்தில், எத்தனை பேரை வைத்து, எத்தனை நாள் அளந்தார்? ஆவணத்தைக் காட்டுக என்று கேட்பது எமது தொழிற்பழக்கம். மலையகத்தில் தொழிலாளர் வழக்குகளோடு நாம் அலைந்த ஆண்டுகளில், நோர்ம் என்று சொல்லப்படும் இந்தக் கணக்குக்கு அடிப்படையான ஓர் அளவைத் தாளை எந்த நிர்வாகமும் எமக்குக் காட்டியதில்லை. "வழக்கம்" என்றார்கள். "கம்பெனி உத்தரவு" என்றார்கள். அளவை என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

அது வழக்கந்தான் என்றால் மாறாமல் இருந்திருக்க வேண்டுமல்லவா? 2021 மார்ச்சில் சம்பளச் சபைத் தீர்மானத்தின்படி நாட்கூலி 1000 ரூபாவாயிற்று. உடனே, 18 கிலோ கேட்ட பல தோட்டங்களில் 20 கிலோ கேட்கப்பட்டது. ஓரிரவில் விரல்கள் நீண்டனவா? மலைச்சரிவு தாழ்ந்ததா? நடந்தது நேர்மாறு. அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்தது. செடியிலே தளிர் குறைந்த காலத்தில் தராசிலே கிலோ கூடிற்று! ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிக்கும் இந்த வித்தைக்கு நிர்வாக மொழியில் உற்பத்தித்திறன் என்று பெயர்.

வேலையை நேரங்கொண்டு அளப்பதை நாம் எதிர்க்கவில்லை. அதற்கென ஒரு கலையே உண்டு. அமெரிக்காவின் பிரெடரிக் வின்சிலோ டெய்லர் கையில் கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னால் நின்ற கதையைப் பொறியியலாளர்கள் அறிவர். (1867இல் லூல்கந்தரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் வேறு, எமது மக்களுக்கு இரண்டு டெய்லர்களும் வாய்த்தனர்.) பெத்லகேம் உருக்காலையில் நாளொன்றுக்கு 12½ தொன் இரும்பு சுமந்தவனை 47 தொன் சுமக்கவைத்து, கூலியை 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்த்தியவர் அவர். வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு; கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல். அவரைத் தொழிலாளரின் நண்பர் என்று எவரும் சொல்லார். ஆயினும் அந்த டெய்லரே, 92 இறாத்தல் இரும்புக் கட்டியைச் சுமப்பவன் வேலைநாளில் நூற்றுக்கு 57 பங்கு நேரம் சுமையின்றி இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு எழுதினார். எமது மலைகளில் கூடை சுமப்பவளுக்கு அந்த 57 பங்கில் ஒரு பங்கையேனும் கணக்கில் எழுதியவர் உண்டா?

எட்டு மணி நேரத்துக்கு 20 கிலோ எனின், ஒரு கிலோவுக்கு 24 நிமிடம். நிறுவைக்கு இறங்கி வரிசையில் நின்று மீண்டும் மலையேற நாளில் ஒரு மணி நேரம் போகுமாயின், எஞ்சுவது 21 நிமிடம். வெற்றிலை போடுவதும், பிள்ளைமடுவத்தில் குழந்தைக்குப் பால் கொடுப்பதும், இடுப்பு நிமிர்த்துவதும் அதற்குள்ளேதான். பின்னர் தராசடியில் கூடைக்கும் ஈரத்துக்குமாகக் கிலோக்கள் கழிகின்றன. தராசுக்கு அரச முத்திரை உண்டு. கழிவுக்கு முத்திரை எங்கே?

வன்னியில் வயல் செய்யும் வாசகர்களைக் கேட்கின்றோம்: அருவி வெட்டுக்கு ஆள் பிடிக்கும்போது, நிமிர்ந்து நிற்கும் நெல்லுக்கும் மழையிலே சாய்ந்து சேற்றில் கிடக்கும் நெல்லுக்கும் ஒரே கணக்கா பேசுகின்றீர்கள்? சித்திரையில் கொழுந்து பொங்கும். மாசி வெயிலில் அதே மலை வரண்டு நிற்கும். நுவரெலியாவில் உறைபனி விழுந்தால் தளிர் கருகும். கவ்வாத்து வெட்டி ஓராண்டான மலை வேறு, நான்காண்டான மலை வேறு. இவை யாவற்றுக்கும் ஒரே கிலோவா?

கென்யாவில் இதனிலும் கூடுதலாகப் பறிக்கின்றனர் என்று கம்பெனியார் வாதிடுவர். இங்கோ வெள்ளையர் காலத்து விதைத் தேயிலை இன்றும் எத்தனையோ ஏக்கரில் நிற்கின்றது. 1992இல் தோட்டங்களைக் கையேற்றவர்கள் அவற்றைப் பிடுங்கி மீள்நடுகை செய்யாத குற்றம் கொழுந்து பறிப்பவளுடையதா?

1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி வந்தது. நாள் சமமாகவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆணுக்கு மரக்கணக்கு. கணக்கு முடிந்தால் பெரும்பாலும் நண்பகல் தாண்டியதும் வீடு திரும்புகின்றான். அவளோ 18 கிலோ நிறைந்தாலும் இறங்க முடியாது, நிறையாவிட்டால் பாதிக்கூலி. ஆணுக்கு வேலையால் அளவு, பெண்ணுக்கு வேலையாலும் நேரத்தாலும் அளவு! எமது தொழிற்சங்கத் தலைவர்கள் இதுபற்றி வாய் திறவாதது ஏன் என்பதை, அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதைக் கொண்டு வாசகர்களே ஊகிக்கலாம்.

சட்டம் தெளிவானது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நேரக் கூலியையும் அறியும். துண்டுக் கூலியையும் அறியும். கிலோவுக்குத்தான் கூலி கொடுப்போம் என்பவர்கள் சபைமுன் வந்து பகிரங்கமாகக் கேட்கட்டும். நாமும் பகிரங்கமாக வாதிடுவோம். நாட்கூலியென்று நிர்ணயிக்கப்பட்டதைத் தராசடியில் துண்டுக் கூலியாக மாற்றும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தவர் எவர்? 2024 செப்டம்பரில் நாட்கூலி 1350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், அதனை 1550 ஆக்கி, அரசின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1750 என்றது. கூலிக் கணக்கு ஏறும்போதெல்லாம் கொழும்பில் கைதட்டுகின்றனர். கிலோக் கணக்கு எங்கே எழுதப்படுகின்றது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. 1550இல் அரைப்பேர் 775 ரூபா.

ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே வேலையை அளக்கவேண்டும். அளக்கும்போது தொழிலாளர் பிரதிநிதியும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரும், தொழில் திணைக்கள உத்தியோகத்தரும் உடனிருக்கவேண்டும். ஓய்வும் நடையும் கணக்கில் சேரவேண்டும். அளந்த தாள் தமிழில் பெரட்டுக்களத்தில் ஒட்டப்படவேண்டும். அடுத்தமுறை சம்பளச் சபை கூடும்போது முதலாளிமார் தரப்பு மேசைமீது முதலில் வைக்கவேண்டியது அந்தத் தாளையே. அது அவர்களிடம் இல்லையெனில், இதுவரை போட்ட ஒவ்வோர் அரைப்பேருக்கும் மிகுதிப் பாதியை இப்போதே எண்ணத் தொடங்கட்டும்.