விதியா, வேடிக்கையா?

விளையாட்டைப் பற்றி எழுதுவது பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றுக்கு ஏற்ற காரியமா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். அதிலும் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி, குறிப்பாகக் கோடீசுவர நிறுவனங்கள் நடத்தும் போர்மியூலா வன் பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுவோனை அவர்கள் ஐயக்கண் கொண்டு நோக்குவதில் வியப்பில்லை. ஆயினும், ஒரு விளையாட்டைப் பல மாதங்களாக உலகின் பல பாகங்களிலுமுள்ள மக்கள் இடையறாது பின்தொடர்கின்றனர் எனின், அம்மக்கள் அதில் எதனை நம்புகின்றனர், அந்நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்கள் கலைப்பீட மாணவனின் அக்கறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2021ஆம் ஆண்டுப் பருவத்தை முதற் பந்தயம் தொடங்கி இறுதிப் பந்தயம் வரை பின்தொடர்ந்தவன் என்ற முறையில் யான் இங்கு நிறுவ விரும்புவது இதுவே: விதியை வேடிக்கைக்குப் பலியிடும் விளையாட்டு, தன்னை உண்மையாகப் பின்தொடர்வோரையே முதலில் வஞ்சிக்கின்றது.

பந்தயத்தைப் பார்ப்பது வேறு. பருவத்தைப் பின்தொடர்வது வேறு. பார்ப்பவனுக்கு அன்றைய ஓட்டம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும். பின்தொடர்வோனுக்கோ ஒவ்வோர் ஓட்டமும் நீண்டதொரு கணக்கேட்டின் ஒரு பக்கம் மட்டுமே. 2021இல் மார்ச் 28ஆந் திகதி பஹ்ரேனில் தொடங்கிய பருவம் டிசெம்பர் 12ஆந் திகதி அபுதாபியில் முடிவுற்றது. இடையில் 22 பந்தயங்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15, இவ்வாறே குறைந்து பத்தாமிடத்துக்கு 1. ஏப்பிரலில் இமோலாவில் சரளைக் கற்களுக்குள் வழுக்கிச் சென்ற லூயிஸ் ஹமில்டன் மீண்டு வந்து இரண்டாமிடத்தைப் பெற்றதும், யூன் 6ஆந் திகதி பாக்குவில் முன்னணியில் ஓடிய மக்ஸ் வெர்ஸ்டப்பன் ரயர் வெடித்ததனால் வெற்றியை இழந்ததும் அக்கணக்கில் பதிவாயின. எட்டு மாதத்துக்கு மேற்பட்ட இக்கணக்கைப் பொருளுடையதாக்குவது ஒன்றே: ஏப்பிரலில் எந்த அளவுகோல் பயன்பட்டதோ அதே அளவுகோல் டிசெம்பரிலும் பயன்படும் என்னும் உறுதிப்பாடு. போர்மியூலா வன் பந்தயம் நடைபெற்றிராத நம் நாட்டின் ரசிகனுக்கு இவ்வுறுதிப்பாடு இன்னும் இன்றியமையாதது. திடலின் ஆரவாரமோ இயந்திரத்தின் முழக்கமோ அவனுக்கு நேரிற் கிட்டுவதில்லை. அவன் கையில் இருப்பவை விதியும் புள்ளியும் மட்டுமே.

இறுதிப் பந்தயத்துக்கு முன்னர் இருவரும் 369.5 புள்ளிகளுடன் சரிசமமாக நின்றனர். அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று வினவினால் அவ்வாண்டின் முதல் அநீதிக்கு வந்து சேர்வோம்.

ஓகஸ்ட் 29ஆந் திகதி பெல்ஜியத்தின் ஸ்பா திடலில் மழை விடாது பெய்தது. மூன்று மணித்தியாலங்களுக்கு மேலாக மக்கள் நனைந்தவாறு காத்திருந்தனர். ஈற்றில் வண்டிகள் பாதுகாப்பு வண்டியின் பின்னால் ஊர்வலமாகச் சில சுற்றுகள் வந்தன. பின்னர் பந்தயம் நிறுத்தப்பட்டது. பெறுபேற்றுக்குக் கணக்கிடப்பட்டது ஒரே ஒரு சுற்று, அதாவது 7 கிலோமீற்றரைக்கூட எட்டாத தூரம். ஆயினும் பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வெர்ஸ்டப்பனுக்கு 12.5, ஜோர்ஜ் ரசலுக்கு 9, ஹமில்டனுக்கு 7.5. அந்த மழையிற் பந்தயம் ஓட்டாமை முற்றிலும் சரி. மனித உயிர் புள்ளியிலும் பெரிது. ஆனால், ஓட்டாத பந்தயத்துக்குப் புள்ளி வழங்கியமை எவ்வகையிற் சரி? வழங்கப்பட்டவை சாராம்சத்தில் முதல்நாள் தகுதிகாண் ஓட்டத்தின் வரிசைக்குரிய புள்ளிகளே. நுழைவுத் தேர்வின் பெறுபேற்றைக் கொண்டு, இறுதிப் பரீட்சை நடத்தாமலே பட்டம் வழங்குவதை எந்தப் பல்கலைக்கழக மாணவன் ஏற்பான்? பந்தயம் ஒன்று நடைபெற்றதாகக் காட்டவேண்டும் என்னும் வணிகத் தேவை அன்று விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பொருளைக் கைவிட்டது.

அபுதாபியிலோ எழுத்தும் கைவிடப்பட்டது. அங்கு 58 சுற்றுகள். ஹமில்டன் பத்து விநாடிக்கு மேற்பட்ட இடைவெளியில் முன்னணியில் இருந்தார். 53ஆவது சுற்றில் நிக்கலஸ் லதிபியின் வண்டி சுவரில் மோதப் பாதுகாப்பு வண்டி திடலுக்குள் வந்தது. வெர்ஸ்டப்பன் தரிப்பிடம் சென்று புதிய மென்ரயர்களைப் பூட்டிக்கொண்டார். முன்னிலையை இழக்க நேரிடும் என்பதால் ஹமில்டன் பழைய ரயர்களுடனேயே நின்றார். இதுவரை நடந்தவை யாவும் பந்தயத்தின் இயல்பான திருப்பங்கள். அவற்றையிட்டு முறையிட எவருக்கும் உரிமையில்லை. இருவருக்குமிடையே ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து வண்டிகள் நின்றன. பின்தங்கிய வண்டிகள் முந்திச்செல்ல அனுமதியில்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 57ஆவது சுற்றில் அந்த ஐந்து வண்டிகளுக்கு மட்டும் அனுமதி வழங்கப்பட்டது. கடைசிப் பின்தங்கிய வண்டி முந்திச் சென்றபின், அடுத்த சுற்றின் முடிவிலேயே பாதுகாப்பு வண்டி தரிப்பிடம் திரும்பவேண்டும் என்பது அன்றைய விதி. அவ்வாறு திரும்பியிருப்பின் பந்தயம் அதன் பின்னாலேயே முடிந்திருக்கும். ஆனால், அது அதே சுற்றில் அழைக்கப்பட்டது. எஞ்சிய ஒரே சுற்றில் வெர்ஸ்டப்பன் முந்தினார், 395.5க்கு 387.5 என்ற கணக்கிற் சம்பியன் ஆனார்.

மேர்சிடிஸ் அணி முறையிட்டபோது எதிர்த்தரப்பினரான ரெட் புல் அணியினர் முன்வைத்த வாதம் தமிழ் பயில்வோருக்குச் சுவையானது. விதியின் ஆங்கில வாசகத்தில் ‘எனி’ என்ற சொல்லே உள்ளது, ‘ஓல்’ என்ற சொல் இல்லை. ஆகவே எல்லா வண்டிகளையும் அனுப்பவேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவ்வாதம். நம் இலக்கண மரபில் இதனை ஆராய்வோம். பின்தங்கிய எந்த வண்டியும் முந்திச் செல்லல் வேண்டும் என்பது விதியாயின், அதிலுள்ள உம்மை முற்றும்மை என்பதை நன்னூல் கற்ற பாடசாலை மாணவனும் அறிவான். முற்றும்மை எச்சப்பொருள் தரும் இடங்களும் உண்டென்று உரையாசிரியர்கள் கூறியுள்ளனர். ஆயின், அவர்கள் காட்டுவது எதிர்மறை வாய்பாடு. இங்குள்ளதோ உடன்பாட்டு விதி. உரைகாரனுக்கு விளக்கும் உரிமை உண்டு. மூலத்தைத் தன் தேவைக்கேற்ப வெட்டும் உரிமை இல்லை. சம்மேளனத்தின் அதிகாரிகளே இதனை உணர்ந்திருந்தனர் போலும்! 2022ஆம் ஆண்டுக்கான விதியில் ‘எனி’ நீக்கப்பட்டு ‘ஓல்’ இடப்பட்டது.

நடுவர் குழுவோ வேறொரு விதியைத் துணைக்கழைத்தது. பாதுகாப்பு வண்டியைப் பயன்படுத்துவதில் பந்தயப் பணிப்பாளருக்கு மேலாதிக்கம் உண்டு. ஆகவே அவர் செய்தது செல்லும் என்றது. ஓர் அலுவலரின் அதிகாரம் ஏனைய விதிகளையெல்லாம் விழுங்கவல்லது எனின், ஏனைய விதிகளை அச்சிட்டு வைத்திருப்பது எதற்காக?

இனி, மறுப்புரைகளை நோக்குவோம். வெர்ஸ்டப்பனே பட்டத்துக்கு உரியவர், அவர் பத்துப் பந்தயங்களிலும் ஹமில்டன் எட்டிலுமே வென்றனர் என்பர் ஒருசாரார். வெர்ஸ்டப்பனின் திறமையை யான் மறுக்கவில்லை. அவர் மீது குற்றமும் சுமத்தவில்லை. திறந்துவிடப்பட்ட வழியில் அவர் ஓட்டினார். எந்தச் சாரதியும் அதையே செய்வான். ஹமில்டனின் கைகள் எப்போதும் தூயவை என்பதும் என் வாதமன்று. யூலையில் சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டப்பனுடன் மோதித் தண்டனை பெற்றும் அப்பந்தயத்தை அவரே வென்றார். வினா, யார் தகுதியானவர் என்பதன்று. தகுதியை எது தீர்மானிக்கின்றது என்பதே. இருவரையும் மறந்துவிட்டு மூன்றாமிடத்தில் நின்ற கார்லோஸ் சைன்ஸை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் வெர்ஸ்டப்பனுக்கும் இடையில் நின்ற பின்தங்கிய வண்டிகள் அகற்றப்படவில்லை. வெர்ஸ்டப்பனுக்கு வழங்கப்பட்ட தெளிந்த பாதை அவருக்கு மறுக்கப்பட்டது. ஏன்? வேடிக்கைக்கு அவர் தேவைப்படவில்லை. ஒரே திடலில், ஒரே நிமிடத்தில், ஒருவனுக்கு ஒரு நீதியும் மற்றவனுக்கு வேறு நீதியும் நிலவியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு பருவத்தின் இறுதிப் பந்தயம் பாதுகாப்பு வண்டியின் பின்னால் ஊர்ந்து முடிவதா என்று கேட்பர் மற்றொரு சாரார். ஊராமல் முடிப்பதற்கு விதிக்குள்ளேயே வழி இருந்தது. பருவத்தைப் பின்தொடர்ந்தோர் அதனை அறிவர். யூனில் பாக்குவில் செங்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தி, எல்லா அணிகளுக்கும் ரயர் மாற்ற வாய்ப்பளித்து, எஞ்சிய இரு சுற்றுகளையும் புதிதாகத் தொடங்கி ஓட்டினர். அவ்வழியை விடுத்து, விதியில் இல்லாத வழியொன்று அந்த நேரத்துக்கென ஆக்கப்பட்டது. முன்னைய சுற்றின் நிலைக்கு முடிவை மாற்றுமாறு மேர்சிடிஸ் தலைவர் வானொலியிற் கோரியபோது, இது மோட்டார்ப் பந்தயம், நாம் பந்தயம் நடத்தினோம் என்று பணிப்பாளர் மைக்கல் மாசி விடையிறுத்தார். விதிப்படி நடத்தினோம் என்று அவர் கூறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இம்மனப்பாங்கு ஒரு மனிதரின் தவறினால் ஒருநாளில் விளைந்ததன்று. 2014இல் இறுதிப் பந்தயத்துக்கு மட்டும் இரட்டிப்புப் புள்ளி வழங்கப்பட்டமை நினைவிருக்கலாம். பட்டப் போட்டியைக் கடைசி நாள்வரை இழுத்து வைத்தலே அதன் நோக்கம். ரசிகர்களின் எதிர்ப்பினால் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 2017இல் லிபேர்ட்டி மீடியா என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்விளையாட்டின் வணிக உரிமையைக் கைக்கொண்டது. 2019 முதல் நெட்பிளிக்ஸ் தொடர் பருவத்தைக் கதையாக்கிப் புதிய ரசிகர்களைக் கூட்டியது. போலிப் பகைமைகள் புனையப்படுகின்றன என்று கூறி அத்தொடருக்குச் செவ்வியளிக்க மறுத்தவர் வெர்ஸ்டப்பனே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. கதைக்கு விறுவிறுப்பான கடைசி அத்தியாயம் வேண்டும். கணக்குக்கு அது வேண்டுவதில்லை. சரியான கூட்டுத்தொகை மட்டுமே வேண்டும்.

இனி நம் முற்போக்கு நண்பர்களின் வாதம். முழுவதும் முதலாளிகளின் களியாட்டம், அதில் நீதி தேடுவது மடமை என்பர் அவர்கள். இவ்விளையாட்டின் கறைகளை யான் மறைக்கவில்லை. நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவில் 1985இல் கயலாமிப் பந்தயம் நடத்தப்பட்டது. பிரெஞ்சு அணிகளான லிஜியேயும் ரெனோவும் புறக்கணித்தன, ஏனையவை ஓட்டின. மக்கள் எழுச்சி நசுக்கப்பட்ட பஹ்ரேனில் 2011ஆம் ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டே எதிர்ப்புகளின் நடுவில் அது நடந்தேறியது. இவற்றை நினைவில் வைத்திருப்போர் யார்? அன்றைய ஓட்டத்தோடு எல்லாவற்றையும் மறப்பவன் அல்லன்; ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து கணக்கு வைத்திருப்பவனே. ரசிகனுக்கு விறுவிறுப்புப் போதும் என்கிறான் முதலாளி. ரசிகன் விறுவிறுப்பில் மயங்கிய பேதை என்கிறார் நம் விமரிசகர். இருவரும் ரசிகனைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பீடு ஒன்றே. அதை யான் மறுக்கின்றேன். விதி மீறப்பட்டதென்று முதலிற் குரல் எழுப்பியவர்கள் விதிநூலின் பிரிவு இலக்கங்களைக்கூட அறிந்திருந்த ரசிகர்கள். தன்னைப் பேதையாக்க முயல்வோனிடம் விதிநூலைத் திறந்து காட்டிக் காரணம் கேட்பவன் எவ்வாறு பேதையாவான்?

நடந்தது யாது? 2022 பெப்ரவரியில் மாசி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மார்ச் 19ஆந் திகதி, புதிய பருவத்தின் முதற் பந்தயத்துக்கு முதல்நாள், சம்மேளனத்தின் அறிக்கை வெளியாயிற்று. மனிதத் தவறு நேர்ந்தது, நன்னோக்குடனேயே செயற்பட்டார், முடிவு மாறாது என்பதே அதன் சாரம். தனிமனிதரொருவர் பலியாக, அவரை அந்நிலைக்குத் தள்ளிய அமைப்பு தப்பியது. இரு அணித்தலைவர்களும் பந்தயம் நடக்கும்போதே பணிப்பாளரின் காதில் நேரடியாக வற்புறுத்த அனுமதித்தவர் யார்? பச்சைக்கொடியின் கீழ் முடிப்பதே விரும்பத்தக்கது என்ற எண்ணத்தை ஊட்டியவர் யார்? கோடிக்கணக்கான டொலர் புரளும் விளையாட்டில் நடுவர்களை முழுநேரச் சம்பளம் பெறும் அலுவலராக வைத்திராதவர் யார்?

பட்டத்தைப் பறித்து மற்றவருக்கு வழங்குமாறு யான் கோரவில்லை. கோருவன மூன்று. விதியை விலக்கும் எந்தத் தீர்மானமும் காரணங்களுடன் எழுத்தில் வெளியிடப்படல் வேண்டும். நடுவர்கள் பயிற்சிபெற்ற, சம்பளம் பெறும், வணிக உரிமையாளரின் செல்வாக்குக்கு உட்படாத நிரந்தர அலுவலராதல் வேண்டும். பணிப்பாளரின் தற்றுணிபு உயிர்ப் பாதுகாப்பு என்னும் எல்லையைத் தாண்டுதலாகாது. இவை பெரும் புரட்சிகள் அல்ல. பருவத்தின் முதல் நாளில் வாக்களிக்கப்பட்டதைக் கடைசி நாளிலும் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள் மட்டுமே.

தோற்பதற்கு ரசிகன் அஞ்சுவதில்லை. தான் விரும்பிய சாரதி தோற்பதை ஆண்டுதோறும் கண்டும் மறுபருவத்துக்கு அவன் மீண்டும் வருகிறான். தோல்வியும் வெற்றியும் ஒரே விதியால் அளக்கப்பட்டன என்ற நிச்சயம் அவனுக்கு வேண்டும். அதனைக் கொடுக்க மறுப்போர் விறுவிறுப்பான சுற்று ஒன்றை விற்று, 22 பந்தயங்களின் பொருளை அழிக்கின்றனர். அவ்வியாபாரத்தை வியாபாரம் என்றே சொல்வோம். அதனை விளையாட்டு என்று அழைக்க நாம் இணங்குதல் ஆகாது.